பேச்சுக்குக் கூப்பிட்ட தீவு

ஆவுடையம்மாள் ஒரு வார்த்தை, "வாங்க" என்று கூப்பிட்டதை நம்பி, ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் கிடந்த ஒரு தீவு, தன் மேல் மேய்ந்துகொண்டிருந்த செம்மறி ஆடுகளோடும் இடிந்துபோன ஒரு பிரார்த்தனைக் கூடத்தின் சுவர்களோடும் பாறையில் சாய்ந்து கிடந்த சீல் என்கிற கடல்நாய்களோடும், மறுநாள் காலையில் கிளம்பி அவள் பின்னாலேயே வந்துவிட்டது. அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றைக்கும் அந்த வருஷத்தைத் தீவு ஊர் சுற்றப் போன வருஷம் என்றுதான் சொல்கிறார்கள். படகுக்கு வர்ணம் அடித்ததையும் மகளைக் கட்டிக்கொடுத்ததையும் அதற்கு முந்தி, அதற்குப் பிந்தி என்று பிரித்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். தீவு எப்படி நகர்ந்தது என்று அவர்களிடம் கேட்டால், மரியாதையாகக் கூப்பிட்டார்கள், அதனால் போயிற்று என்பார்கள், கேட்டவரைத்தான் கொஞ்சம் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஆவுடையம்மாள் அம்பாசமுத்திரத்துக்காரி. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். புருஷன் போன பிறகு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருந்த அதே வாடகை வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தாள். கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் மகன் குற்றாலிங்கம் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கூப்பிடுவான், மழை பெய்ததா என்பான், மாத்திரை போட்டீங்களா என்பான், பேச ஒன்றுமில்லாமல் போகிற இடம் வந்ததும், "அங்க ஒத்தையில கிடந்து என்ன செய்யுதீங்க, நீங்க இங்கயே வந்து எங்களோட இருந்திருங்கம்மா" என்பான். இப்படி எத்தனையோ ஞாயிறுகள் போயின. ஒரு ஞாயிறன்று அவள், "சரிடே, வாரேன்" என்றாள். அவன் சுதாரிப்பதற்குள் வீட்டைக் காலி பண்ணி, கிரைண்டரைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து, கேஸ் கனெக்‌ஷனையும் ஒப்படைத்துவிட்டு, இரண்டு பெட்டிகளோடு விமானம் ஏறிவிட்டாள். ஆறு மாத விசாதான், அதற்கப்புறம் ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று அவனும் சொன்னான், அவளும் தலையாட்டினாள்.

வந்து சில வாரங்கள் ஆனபோது அடுப்படியில் மருமகள் சிந்துஜா தாழ்ந்த குரலில் பேசுவது இவளுக்குக் கேட்டது. "நீங்க ஒரு பேச்சுக்குச் சொன்னீங்க, அவங்க கேஸ் கனெக்‌ஷனைக்கூடக் குடுத்துட்டு வந்து நிக்கறாங்க. திரும்பிப் போக வீடு இல்ல. இங்கயே இருக்கவும் முடியாது. எப்படித்தான் சொல்லப் போறீங்க?" குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு குற்றாலிங்கம், "டூர் போயிட்டு வரட்டும், வந்ததும் சொல்லிடறேன்" என்றான். சிந்துஜா கெட்டவள் இல்லை. தினமும் மாமியாருடைய காலுறையை ஹீட்டர் மேல் போட்டுச் சூடாக்கிக் கொடுக்கிறவள் அவள்தான். அது தெரிந்திருந்ததால்தான் ஆவுடையம்மாளுக்கு நெஞ்சு இன்னும் அதிகமாக வலித்தது.

டூர் என்றது, பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்திருக்கும் தமிழ்ப் பெற்றோர்கள் எட்டுப் பேரை ஒரு சின்னப் பேருந்தில் ஏற்றி, மலைகளையும் தீவுகளையும் காட்டி அழைத்து வரும் ஏற்பாடு. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து செய்தது. ஓட்டுநரும் அவரே வழிகாட்டியும் அவரே, பெயர் மர்டோ, செம்பட்டை மீசை வைத்த நிதானமான மனிதர். அவர் ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் சொல்வதை, ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த சென்னியப்பன், தமக்குப் புரிந்த அளவுக்கும் புரியாத இடத்தில் சொந்தச் சரக்கைச் சேர்த்தும் பின்னால் இருப்பவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். அவருடைய மனைவி பாவாயி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கண்ணை மறைத்து முடி தொங்கும் மலைமாடுகளைப் பார்த்து, இவற்றுக்கு யாராவது ஒரு ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் என்ன என்று வருத்தப்பட்டாள்.

ஸ்கை என்ற பெரிய தீவைத் தாண்டி, அதன் ஓரத்தில் கிடந்த அந்தச் சின்னத் தீவுக்கு அவர்களைப் படகில் கொண்டுபோய் இறக்கியவள் மோராக். எதிர்க்கரையில் வீடு, தீவில் ஆடுகள், நடுவே ஒரு மோட்டார் படகு என்று வாழ்கிறவள். அந்தத் தீவின் பெயருக்கு அவர்கள் பாஷையில் சின்னத் தீவு என்றே அர்த்தமாம், யாரும் அதற்கு மேல் மெனக்கெடவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் அரை மணி நேரம் நின்று, சீல்களைப் படமெடுத்து, காற்று பலமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஆவுடையம்மாளும் அப்படித்தான் நின்றாள், ஆனால் எந்த இடத்திலிருந்தும் வாயைத் திறக்காமல் கிளம்பி அவளுக்குப் பழக்கம் இல்லை, ஆஸ்பத்திரியில் சீக்காளியைப் பார்த்துவிட்டு வந்தாலும் சரி, தாலுகா ஆபீஸில் கையெழுத்து வாங்கிவிட்டு வந்தாலும் சரி, கிளம்பும்போது எதிராளியைத் தன் வீட்டுக்கு ஒருதரம் கூப்பிட்டுவிட்டுத்தான் படியிறங்குவாள். அதனால் படகில் கால் வைத்தபடி திரும்பி, "போயிட்டு வாரோம். நீங்களும் ஒரு நாளைக்கு நம்ம வீட்டுக்கு வாங்க, என்ன" என்றாள். அவள் சொன்னது மோராக்கிடம். மோராக் படகின் கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், அவள் காதில் எதுவும் விழவில்லை. தீவுக்குத்தான் கேட்டது.

மறுநாள் மர்டோ பேருந்தைக் கிளப்பிக் கடலோரச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய போன் அடித்தது. ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தார், மோராக் பேசுவது எல்லாருக்கும் கேட்டது.

"மர்டோ, என் தீவு உன்னிடமா இருக்கிறது?"

மர்டோ கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆமாம், வலப்பக்கமாக வந்துகொண்டிருக்கிறது" என்றார்.

"ஆடுகள்?"

"மேய்கின்றன."

"கறுப்பு முகத்து ஆட்டுக்குக் கால் சரியில்லை, வேகமாக ஓட்டாதே" என்று சொல்லிவிட்டு மோராக் போனை வைத்தாள்.

அதிலிருந்து சாலை தண்ணீரோரமாகப் போன இடமெல்லாம் தீவும் கூடவே வந்தது. சாலை தண்ணீரை விட்டுவிட்டு மலை ஏறினால் காணாமல் போகும், மலை இறங்கி அடுத்த ஏரிக்கு வந்தால் அங்கே முன்னாலேயே வந்து, ஆடுகளோடும் சுவர்களோடும், வந்து ரொம்ப நேரம் ஆகிறது என்பது போல நின்றுகொண்டிருக்கும். ஏரிகளைக் கடலோடு இணைக்கும் கால்வாயின் மதகுகள் அதற்கு ரொம்பக் குறுகல். மதகுக்காரர்களிடம் பத்திரிகைக்காரர்கள் போய்க் கேட்டபோது, அது வரிசையில் நின்றுதான் வந்தது, எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்றார்கள். கப்பல் கம்பெனி தன் கால அட்டவணைக்குக் கீழே தீவு இன்றைக்கு எங்கே என்று ஒரு வரி சேர்த்தது. வானொலியில் காற்றும் அலையும் சொல்கிறவர் கடைசியில் அதற்கும் மழை உண்டா இல்லையா என்று சொல்லத் தொடங்கினார். ஒரு கிராமத்தில் போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு எல்லாரையும் கரைக்கு அழைத்துப் போய், இடிந்த பிரார்த்தனைக் கூடத்தைப் பார்த்து ஒரு பாட்டுப் பாட வைத்தார், நூறு வருஷமாக யாரும் அதற்காகப் பாடியதில்லையாம். இன்னொரு கிராமத்தில் உப்புத் தண்ணீரைக் கூடவே கொண்டு வந்துவிட்டது என்று மீன் பிடிக்கிறவர்கள் கோபித்துக்கொண்டார்கள், ஆனால் அது போகும்போது கரையில் ஒதுங்கிய சிப்பிகளைப் பார்த்து, போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆதிகாலத்துப் பிராணி ஒன்று ஒளிந்திருப்பதாகக் கதை சொல்லும் நெஸ் ஏரியில் பொம்மை டைனோசர் விற்கிற கடைக்காரர் மட்டும், ஜனங்கள் எல்லாரும் தன் கடைக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்களே என்று மர்டோவிடம் வந்து சண்டை போட்டார்.

பேருந்தில் இருந்தவர்களுக்கு அதிசயத்தைவிட உபசாரம்தான் பெரிய கவலையாக இருந்தது. வந்தவர்களை வாங்க என்று சொல்லாமல் எப்படி விடுவது? ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கியதும் எட்டுப் பேரும் கரைக்குப் போய், வாங்க வாங்க என்று ஒருதரம் சொல்லிவிட்டுத்தான் கழிப்பறைக்கே போனார்கள். பாவாயி விடுதியில் கிடைத்த தயிரைச் சோற்றில் பிசைந்து, ஒரு காகிதத் தட்டில் வைத்துத் தண்ணீரோரமாக நகர்த்தினாள், சீல் ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டுத் தட்டோடு கொண்டுபோயிற்று. "பசியோட வந்திருக்குது பாருங்க" என்று அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஆனால் அதெல்லாம் இரண்டு நாளைக்குத்தான். பிறகு மோராக் மறுபடியும் போன் செய்து, ஆடுகளுக்கு மருந்து கொடுக்கிற நாள் வருகிறது, தீவு எப்போது திரும்பும் என்று விசாரித்துச் சொல் என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் எதிரே வெறும் தண்ணீர், எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை என்றாள். எல்லாரும் ஆவுடையம்மாளைப் பார்த்தார்கள். கூப்பிட்டது யார் என்று பேருந்துக்குள் தெரியாதவர் இல்லை.

"ஏனுங்கக்கா" என்று ஆரம்பித்தார் சென்னியப்பன். "நாஞ் சொல்றேன்னு வருத்தப்படாதீங்கோ. நம்ம ஊர்ல எல்லாருஞ் சொல்றதுதானுங்க. நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க, நீங்க நெசமாவே கெளம்பி வந்துபோட்டீங்கன்னு பக்குவமா ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. அது பாட்டுக்குத் திரும்பிப் போயிரும்."

"அப்படிச் சொல்லப்படாது" என்றாள் ஆவுடையம்மாள்.

"ஏனுங்க?"

"சொல்லப்படாதுன்னா சொல்லப்படாது" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மகன் வீட்டு அடுப்படிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வார்த்தையைக் கேட்டவளுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரியும். திரும்பிப் போனதும் மகன் எதிரே உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, அதையே தன்னிடம் சொல்லப் போகிறான். அதற்கு முந்தி இந்த வாயால் இந்தத் தீவுக்கு அதைச் சொல்வதாவது? சொல்லாமலிருந்தாலோ, அங்கே ஒருத்தி ஜன்னலைத் திறந்து வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கமும் போக முடியாமல், அந்தப் பக்கமும் போக முடியாமல், அவள் மலைகளைப் பார்த்தாள், மலைகள் அவை பாட்டுக்கு ஈரமாக நின்றன. எத்தனையோ அழகான இடங்களை மர்டோ காட்டினார், அவளுக்கு ஒன்றும் கண்ணில் தங்கவில்லை.

லோமண்ட் ஏரியில் கடைசியாக ஒரு நிறுத்தம். மழை விட்டு வெயில் அடித்தது. மற்றவர்கள் காப்பிக் கடைக்குள் போனதும் அவள் மட்டும் கரைக்குப் போனாள். தீவு கிட்டத்தில் வந்து நின்றது. பக்கத்தில் பார்த்தால் அது அப்படியொன்றும் கம்பீரமான தீவு இல்லை. கல்லும் புல்லும் ஆட்டுப் புழுக்கையும்தான், பயணத்தில் ஒரு பக்கத்துப் பாறை கொஞ்சம் சரிந்துகூடப் போயிருந்தது.

"நடந்து களைச்சுப் போயிட்டியளோ?" என்றாள். கறுப்பு முகத்து ஆடு அவளை நிமிர்ந்து பார்த்தது. "எங்க வீடுன்னு நெனச்சா வந்திய? அதுவே என் வீடு இல்லியே தாயி. நானே அங்க வந்து ஒண்டியிருக்கவதான். எங்க கூட்டிட்டுப் போய் உக்கார வைப்பேன் உங்கள?" அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அழுகை வந்துவிட்டது, பர்ஸிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டு பேருந்துக்குத் திரும்பினாள்.

கிளாஸ்கோவில் கிளைட் நதிக்கரையில்தான் குற்றாலிங்கத்தின் அடுக்ககம், நாலாவது மாடி. பேருந்து திரும்பி அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே கூட்டம் தெரிந்தது. தீவு ஆற்றுக்குள் புகுந்து, இரண்டு பாலங்களுக்கு நடுவில், சரியாக அந்தக் கட்டடத்துக்கு எதிரே வந்து நின்றுகொண்டிருந்தது. நகரம் அதற்குள் பழகிவிட்டிருந்தது. ஆபீஸ் முடிந்து சைக்கிளில் போகிறவர்கள் ஒரு காலை ஊன்றி ஆடுகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள், ஒரு போலீஸ்காரர் படகுகளை ஒதுங்கிப் போகச் சொல்லிக் கை காட்டிக்கொண்டிருந்தார், நான்காம் மாடி பால்கனியில் குற்றாலிங்கமும் சிந்துஜாவும் கம்பியைப் பிடித்தபடி கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கரையில் ஒரு நாயோடும் மருந்துப் பெட்டியோடும் மோராக் நின்றிருந்தாள். ரயில் பிடித்து வந்திருக்கிறாள்.

ஆவுடையம்மாள் பேருந்திலிருந்து இறங்கி நேரே அவளிடம் போனாள். தபால் ஆபீஸ் ஆங்கிலம் அவளுக்குப் போதுமாக இருந்தது. "நான்தான் கூப்பிட்டேன். என்னை மன்னிக்க வேண்டும். எங்கள் ஊர் வழக்கம் அது, எல்லாரையும் கூப்பிடுவோம், யாரும் வர மாட்டார்கள். உங்கள் தீவு பாவம், அது தெரியாமல் நம்பி வந்துவிட்டது" என்றாள்.

மோராக் அவளை வியப்பாகப் பார்த்தாள்.

"தெரியாமலா? அதன் மேல் எத்தனை பேர் வந்து நின்று என்னென்ன சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்? மறுபடியும் வருவோம் என்று சொல்லாத ஆள் உண்டா? எது மனதிலிருந்து வருகிற பேச்சு, எது வாயிலிருந்து மட்டும் வருவது என்று அதற்குத் தெரியாதா?" நாயின் கழுத்துப்பட்டியை அவிழ்த்துவிட்டாள். "அதற்கு நன்றாகத் தெரியும். வர வேண்டும்போல இருந்திருக்கிறது. நீங்கள் சொன்னது அதற்கு ஒரு சாக்கு."

அப்படிச் சொல்லிவிட்டு மோராக் பாறையில் தாவி ஏறினாள், நாய் முன்னால் ஓடியது, கறுப்பு முகத்து ஆட்டின் காலைத் தூக்கிப் பார்த்தாள். தீவு கொஞ்ச நேரம் அந்த நாலாவது மாடியைப் பார்த்துக்கொண்டு நின்றது. வந்த வீட்டைப் பார்த்தாயிற்று, வீட்டு ஆட்களையும் பார்த்தாயிற்று. பிறகு ஆற்றில் ஏறியிருந்த கடல் ஓதம் இறங்கத் தொடங்கியபோது, யாரும் ஒன்றும் சொல்லாமலேயே, மோராக்கையும் ஏற்றிக்கொண்டு மெல்ல மேற்கே நகர்ந்தது. சென்னியப்பன் துண்டை எடுத்து வீசினார், பாவாயி ஆடுகள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கையை இறக்கவில்லை.

குற்றாலிங்கம் மாடியிலிருந்து இறங்கி ஓடி வந்திருந்தான். "எம்மா, என்னம்மா இது? நீங்களா இத வரச் சொன்னீங்க?" என்றான். பிறகு அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி தொண்டையைக் கனைத்தான். "அம்மா, டூர் முடிஞ்சு வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு பேசணும்னு இருந்தேன். நான் போன்ல உங்கள..."

"ஒரு பேச்சுக்குத்தான் கூப்பிட்டே" என்றாள் ஆவுடையம்மாள்.

அவன் சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். "யாரு சொன்னா? சிந்துஜாவா?"

"யாரும் சொல்லணுமாடே? உன்னைப் பெத்தவ நான். வாரா வாரம் நீ சொல்லும்போதே எனக்குத் தெரியும். மழையைப் பத்திக் கேப்பே, மாத்திரையைப் பத்திக் கேப்பே, அப்புறம் இது. போனை வைக்கதுக்கு முந்தி சொல்லுதது." இதைச் சொல்கிறவரைக்கும் அவளுக்கே அது தெரியாது. அடுப்படிச் சுவருக்குப் பின்னால் நின்றுதான் முதல்தடவை கேட்டதாக நினைத்துக்கொண்டு, ஏமாந்துவிட்டோம் என்றுதான் இத்தனை நாளும் மனசுக்குள் அழுதுகொண்டிருந்தாள். யாரும் அவளை ஏமாற்றவில்லை. "எனக்கு வரணும்போல இருந்துது, நீ சொன்னதைச் சாக்கா வச்சுக்கிட்டு வந்துட்டேன்."

"தெரிஞ்சிருந்தா அப்புறம் எதுக்கும்மா வீட்டைக் காலி பண்ணீங்க? கேஸையும் எதுக்குக் குடுத்தீங்க?"

"திரும்பிப் போறதுக்கு ஒரு இடம் இருந்தா, நீ போகச் சொல்லிருவியோன்னுதான்."

ஆற்றில் தீவு நின்ற இடத்தில் தண்ணீர் இன்னும் கலங்கலாகச் சுழன்றுகொண்டிருந்தது. குற்றாலிங்கம் வாயைத் திறந்தான். அப்படியெல்லாம் நினைப்பேனாம்மா என்று சொல்ல வந்தான், எல்லாம் பார்த்துக்கலாம்மா என்று சொல்ல வந்தான், போனில் அவன் எத்தனையோ தடவை சொன்ன அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அதையெல்லாம் விட்டுவிட்டு, பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டான்.

"எனக்கு என்ன செய்யன்னே தெரியலம்மா" என்றான்.

கிளாஸ்கோவுக்குப் போனதிலிருந்து அவன் அவளிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறான். அவள் அப்படியே நம்பியது இதைத்தான். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் தெரியலடே. வா, குளிருது, மேல போய் மூணு பேருமா உக்காந்து யோசிப்போம்" என்றாள்.